எந்த வேலைக்கு எந்த முகப்பு? பினாங்கில் பல்கலைக்கழகம் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பதிவு நாளன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்துக்குள் வரிசையாக நுழையும் கார்களைப் பார்க்க வேண்டும். பின் இருக்கையில் தலையணை, வாளி, மேசை விசிறி, அம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். நிபோங் திபாலிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ குடும்பமே கிளம்பி வந்திருக்கும். சாயங்காலம் கார் திரும்பிப் போன பிறகு பிள்ளையிடம் மிஞ்சுவது ஒரு கோப்பு, ஓர் அறைச் சாவி, அப்புறம் சீனியர்கள் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழு.

அந்தக் குழுவில்தான் பாதிக் கோளாறு. என்ன சந்தேகம் வந்தாலும் அங்கே கேட்போம். அக்கா ஒருவர் தன் காலத்தில் நடந்ததைச் சொல்வார். அண்ணன் ஒருவர் “அதெல்லாம் கிடைக்காது, விடு” என்பார். அவர்கள் பொய் சொல்வதில்லை. விதிதான் இடையில் மாறியிருக்கும். “நமக்கெல்லாம் அந்த உதவி வராது” என்ற ஒரு வார்த்தையை நம்பி, விண்ணப்பமே போடாமல் விட்ட தோழிகள் எனக்கு உண்டு. எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்பதைச் சீனியரிடம் கேளுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பதை அலுவலக முகப்பில், அதாவது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின், அதாவது யூ.எஸ்.எம்.-இன் முதன்மை வளாகத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்; பெயர்கள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். தனியாரில் சேருகிறவர்களுக்குக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: பெயர்களும் இடங்களும்

யூ.எஸ்.எம். 1969-இல் தொடங்கி, 1971-இல் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமான மின்டன் பாரக்ஸுக்கு இடம் மாறியது. மேடும் பள்ளமுமான நிலம், சிதறிக் கிடக்கும் கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு. யாராவது “அந்த ஆபீஸ் லைப்ரரிக்குப் பின்னால்” என்று வழி சொன்னால், குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் ஒரு மேடு தப்பாக ஏறினால் அன்றைய பொழுது போய்விடும்.

அடுத்து, மலாய்ப் பெயர்கள். பெண்டஃப்தார், பெண்டஹாரி இரண்டும் புதியவர் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். வேலை வேறு. பெண்டஃப்தார் என்பது பதிவாளர்: சேர்க்கை, தேர்வு, படிப்பை ஒத்திவைப்பது, மதிப்பெண் பட்டியல். பெண்டஹாரி என்பது நிதி: கட்டணம், ரசீது, திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். கட்டணப் பிரச்சினையோடு பெண்டஃப்தார் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

மூன்றாவது ஹெப், மாணவர் நலப் பிரிவு. யூ.எஸ்.எம்.-இல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் நீளமானது, ஆனால் எல்லோரும் சொல்வது ஹெப்தான். விடுதி, நிதியுதவி, கழகங்கள், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் இந்தக் கூரையின் கீழ்.

மற்ற இடங்களில் ஃபேக்கல்டி என்பதை யூ.எஸ்.எம்.-இல் புசாட் பெங்காஜியான் என்பார்கள். உங்கள் முதல் கதவு அதன் அலுவலகம். அங்கே உதவிப் பதிவாளர் ஒருவர் இருப்பார், பெனோலோங் பெண்டஃப்தார் என்று பலகை இருக்கும். பேராசிரியர்கள் கூட விதி தெரியாவிட்டால் அவரிடம்தான் கேட்பார்கள். முதல் வாரத்திலேயே அவர் அறை எது என்று பார்த்து வையுங்கள். படிப்பு தொடர்பான எந்தச் சிக்கலிலும் டீனைத் தேடிப் போவதற்கு முன் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: ஒரு கோப்பு, ஒரு பழக்கம்

சேர்க்கைக் கடிதம், உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) நகல், அப்பா அம்மா ஐ.சி. நகல், சம்பளச் சீட்டு, எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பமானால் அதற்கான சான்று, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் தேர்வு முடிவு, வங்கிக் கணக்கின் முதல் பக்கம். இவை ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், அதில் இரண்டு உறுதிப்படுத்தியவை. அதை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் முத்திரை வைத்துக் கொடுத்தாலே பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கே வந்தபின் முன்பின் தெரியாத அதிகாரியின் அறை வாசலில் காத்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. அலுவலகங்கள் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை ஓய்வு; வெள்ளிக்கிழமை தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை. பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் எல்லாம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் அரசாங்க அலுவலகம் திறந்திருக்கும். விட்டுப்போன சான்றிதழை அன்றைக்கு வாங்கி, திங்கள் காலை திரும்பி வந்து கொடுத்துவிடலாம்.

இப்போது அந்தப் பழக்கம். இந்த முழுக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் யார் என்ன சொன்னாலும், “சரி, நன்றி” என்று வந்துவிடாதீர்கள். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து, அதே அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பில் உங்கள் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் எண்), விஷயம். உள்ளே, “இன்று காலை பத்து மணிக்கு முகப்பில் கேட்டபோது, இந்த ஆவணத்தைக் கொடுத்தால் போதும் என்று சொன்னார்கள். இத்துடன் இணைத்திருக்கிறேன். கிடைத்ததை உறுதிப்படுத்துங்கள்.” மலாயில், மரியாதையாக, சுருக்கமாக.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாம் பருவத்தில் எனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது திரும்ப முதல் அலுவலகத்தையே காட்டியது. மூன்று வாரம் இப்படியே போனது. எந்த அலுவலகம் என்று இங்கே வேண்டாம். கடைசியில் பார்த்தால் விண்ணப்பத்தில் என் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. எழுதியது நான்தான். ஆனால் முதல் நாளே எழுத்தில் கேட்டிருந்தால், யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்துப் பதில் எழுதியிருப்பார். வாயால் கேட்டதற்கு வாயால் ஒரு பதில், அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரமும் என் தோழி வாங்கிக் கொடுத்த ரொட்டி சானாய்க் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

மூன்றாம் படி: பணம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் படிப்பைப் பாதியில் விட்ட நம் பிள்ளைகள் பலருக்குக் காரணம் படிப்பாக இருந்ததில்லை.

பெரும்பாலோருக்கு வழி பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன். விண்ணப்பிக்கும் முன் மாணவர் பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும்; 20 ரிங்கிட் போட்டுத் திறக்கலாம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே திறந்துவிடுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான், அதற்கென்று திறந்திருக்கும் நாட்களுக்குள். எவ்வளவு கடன் என்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, அதனால் எஸ்.டி.ஆர். பட்டியலில் வீட்டின் பெயர் சரியாக இருக்கிறதா என்று அப்பாவையோ அம்மாவையோ முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.டி.ஆர். பெறும் குடும்பத்துப் பிள்ளை அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது 1,500 ரிங்கிட் முன்பணமாகக் கேட்க வழி உண்டு, டபிள்யூ.பி.பி. என்பார்கள். அது இனாம் இல்லை, பிறகு வரும் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் பதிவு நாள் செலவுக்கு வட்டிக்காரரிடம் போவதைத் தடுக்கும்.

கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணம். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பருவத்துக்குப் பருவம் புள்ளி சராசரி 2.00-க்குக் கீழே போனால் பணம் நின்றுவிடும். படிப்பில் சறுக்கும்போதே கையிலும் காசு இல்லாமல் போகும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கீழே ஐந்தாம் படியில் பாருங்கள்.

ஒப்பந்த ஆவணத்தில் கையெழுத்துப் போடும் முன் பெயர், ஐ.சி. எண், கணக்கு எண் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாகப் படியுங்கள். ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கடனுக்கு வெளியேயும் கதவுகள் உண்டு. அப்பா தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலை செய்து கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதி கட்டியவரானால், பிள்ளையின் படிப்புக்காக அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். அதற்குச் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள். கட்டண விவரம் பெண்டஹாரியிடம் கிடைக்கும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்விக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு நிதியுதவி வழங்கி வருகிறது. எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பு கல்விக் கடன் கொடுக்கிறது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் அவர்களின் பக்கத்தை நேரே பாருங்கள். தமிழ் முஸ்லிம் மாணவர்கள் ஜக்காத் உதவியைக் கேட்கலாம். பல்கலைக்கழகத்திலும் மாநிலத்திலும் அதற்குப் பிரிவு உண்டு. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்கக் கூடாது என்று சிலவற்றில் நிபந்தனை இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள், மறைத்துவிட்டுப் போடாதீர்கள்.

அப்புறம் அவசர உதவி. வீட்டில் சம்பாதிப்பவர் இறந்துவிட்டார், வேலை போய்விட்டது, வீடு எரிந்தது, 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப் போட்டதுபோல் வெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட நேரங்களுக்காக ஹெப்பில் கெபாஜிக்கான் என்ற நலப் பிரிவு இருக்கிறது. நம் பிள்ளைகள் இங்கே போகவே மாட்டார்கள். வெட்கம். வீட்டுக் கஷ்டத்தை ஊரானிடம் சொல்வதா என்ற பழைய வளர்ப்பு. அந்த அதிகாரி உங்களுக்கு ஊரான் அல்ல. அவருக்குச் சம்பளமே இந்தக் கதையைக் கேட்பதற்குத்தான். போலீஸ் புகார், இறப்புச் சான்றிதழ், வேலை நீக்கக் கடிதம், எது பொருந்துமோ அதை எடுத்துப் போங்கள். கையில் இன்னும் கிடைக்காவிட்டாலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பருவக் கட்டணம் கட்ட அவகாசம் வேண்டுமானால் கடைசி நாளுக்கு முன் எழுதிக் கேளுங்கள். கடைசி நாள் தாண்டியபின் கேட்பது வேறு கதை.

நான்காம் படி: தங்குமிடம்

யூ.எஸ்.எம். விடுதிகளுக்கு தேசாசிஸ்வா என்று பெயர். பொறுப்பாளரை பெங்காவா என்பார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பெங்கெத்துவா. ரெஸ்து, சௌஜானா, தெகுன் மூன்றையும் சேர்த்து ஆர்.எஸ்.டி. என்று சொல்வது வழக்கம். அவை சாலைக்கு அந்தப் பக்கம், மேட்டில். அங்கே இடம் கிடைத்தவர்கள் காலை வகுப்புக்கு பஸ்ஸை நம்பித்தான் இருப்பார்கள், அலாரத்தைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள்.

முதலாண்டு விடுதி கிடைப்பது பெரிய விஷயமில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். நடவடிக்கைகளில் சேர்த்த புள்ளிகளைப் பார்ப்பார்கள். தமிழ்க் கழகத்தின் பொங்கல் விழாவில் இரவு முழுக்கத் தோரணம் கட்டியிருப்பீர்கள், ஆனால் பெயரைப் பதியாவிட்டால் புள்ளி கிடையாது. நிகழ்ச்சி முடிந்ததும் செயலாளரிடம் போய்ப் பதிவாகிவிட்டதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

குழாய் ஒழுகினால், விசிறி ஓடாவிட்டால் தேசாசிஸ்வா அலுவலகத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அறைத்தோழரோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் அங்கேதான் போக வேண்டும். சண்டை முற்றும்வரை காத்திருக்காதீர்கள். அறையில் சமைக்கக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் வாரம் கொஞ்சம் திண்டாடுவார்கள், பிறகு எந்தக் கடையில் தனிக் கரண்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வெளியே, சுங்கை டுவா பக்கம் அறை எடுப்பதானால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வைப்புத்தொகைக்கு ரசீது வேண்டும். ஃபேஸ்புக்கில் படம் பார்த்து, வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஐந்தாம் படி: படிப்பு தடுமாறும்போது

பாடம் பதிவது, கூட்டுவது, விடுவது எல்லாவற்றுக்கும் கல்வி நாட்காட்டியில் நாள் குறித்திருப்பார்கள். அந்த நாட்களைக் கைப்பேசியில் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் கல்வி ஆலோசகரை, அதாவது பெனாசிஹாட் அகாடமிக் என்ற விரிவுரையாளரைப் பருவத் தொடக்கத்தில் ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். முகம் தெரிந்த மாணவருக்காகப் பிறகு அவர் இரண்டு வரி எழுதுவது எளிது.

காய்ச்சல் என்றால் வளாக மருத்துவ நிலையத்தில் காட்டி எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று வாங்கி, அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். பருவம் முடியும்போது கத்தையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் ரசிக்க மாட்டார்கள். வருகை குறைந்தால் தேர்வெழுத விடாமல் தடுக்கவும் முடியும்.

சராசரி 2.00-க்குக் கீழே போனால் யூ.எஸ்.எம்.-இல் உங்கள் நிலை பெர்சுபாஆன் ஆகும், அதாவது சோதனைக் காலம். பி1, பிறகு பி2, அதற்கும் பிறகு எஃப்.ஓ., படிப்பிலிருந்து நீக்கம். பி1 வந்த அன்று பெரும்பாலோர் செய்வது, யாரிடமும் சொல்லாமல் அடுத்த பருவத்தில் இரண்டு மடங்கு உழைப்பேன் என்று சபதம் எடுப்பது. சபதம் நல்லதுதான், ஆனால் அதோடு மூன்று வேலை இருக்கிறது. ஆலோசகரைப் பார்த்து அடுத்த பருவத்தில் பாடச் சுமையைக் குறைப்பது. உதவிப் பதிவாளரிடம், எந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தால் சராசரி ஏறும் என்று கணக்குப் போட்டுக் கேட்பது. கடன் நின்றுவிட்டதா என்று பார்த்து, நின்றிருந்தால் அதே வாரத்தில் ஹெப் நலப் பிரிவுக்குப் போவது.

உடல்நிலையோ குடும்பச் சூழலோ படிக்கவே விடவில்லை என்றால் பருவத்தை ஒத்திவைக்கலாம். பெனாங்குஹான் என்பார்கள். காரணத்துக்கு ஆவணம் வேண்டும், அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை நீங்கள் மாணவர்தான் என்பதை மறக்க வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் மூட்டை கட்டி ஊருக்குப் போனவர்களுக்குப் பின்னாலேயே கட்டண பாக்கியும் தோல்வி மதிப்பெண்ணும் போய்ச் சேரும். அதே ஆள் ஒரு படிவம் நிரப்பியிருந்தால் அடுத்த ஆண்டு திரும்பி வந்திருக்கலாம்.

நீக்கக் கடிதமே வந்துவிட்டாலும் ராயுவான், அதாவது மேல்முறையீடு உண்டு. கடிதத்தில் கடைசி நாள் இருக்கும். அழுது முடித்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டில் மன்னிப்பு ஒரு வரி போதும்; என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, ஆதாரம் எது, இந்த மூன்றுக்குத்தான் இடம்.

ஆறாம் படி: மனசு சரியில்லை என்றால்

உடம்புக்கு முடியாவிட்டால் போக வேண்டிய இடம் வளாகத்திலேயே உள்ள புசாட் செஜாத்ரா. அவசரம் என்றால் 999, இல்லையேல் பினாங்கு பொது மருத்துவமனை. குடிமக்கள் அரசாங்க மருந்தகத்தில் கட்டுவது 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். இது எளிது, யாரும் தயங்குவதில்லை.

தயங்குவது அடுத்த கதவில். ஆலோசனைப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், வேலை கிடைக்காது, வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். இந்த மூன்றையும் நான் காது குளிரக் கேட்டிருக்கிறேன், முதலாண்டில் நானே நம்பியும் இருக்கிறேன். மலேசியாவில் ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580 உண்டு. பதிவு பெற்றவர் பெயருக்குப் பின் கே.பி. என்ற எழுத்துகள் இருக்கும். நீங்கள் பேசுவதை அவர் ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர்; உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில்தான் அதற்கு விலக்கு. அந்த எல்லை எது என்று முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்கலாம். நல்ல ஆலோசகர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமலும் பலர் நிற்பார்கள். பெரிய விளக்கம் வேண்டாம். “இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை, ஒருவரைப் பார்க்க வேண்டும்” என்றால் போதும். தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மலாயில் பாடம் எழுத முடிந்தவருக்கும் அப்பாவைப் பற்றிப் பேசும்போது தமிழ்தான் வரும். முதல் ஆலோசகரோடு ஒட்டவில்லையா, வேறொருவரைக் கேட்பது உங்கள் உரிமை.

இரவு நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம். உதவிக்கு அழைக்க இரண்டு எண்கள் உண்டு. தாலியான் ஹீல் 15555, காலை எட்டு மணியிலிருந்து நள்ளிரவுவரை. தாலியான் காசே 15999, இருபத்துநான்கு மணி நேரமும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய பழைய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. நண்பருக்கு அப்படி ஏதாவது நேர்ந்தால் போலீஸ் பயத்தில் மறைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஏழாம் படி: யாராவது அத்துமீறினால், அல்லது உங்கள் மேல் புகார் வந்தால்

பாலியல் தொல்லை என்பது தொடுவது மட்டும் கிடையாது. நள்ளிரவுச் செய்தி, உடலைப் பற்றிய ‘ஜோக்’, மதிப்பெண்ணைக் காட்டி மறைமுகமாகக் கேட்பது எல்லாம் சேரும். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட்வரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. செய்திகளை அழிக்காதீர்கள். தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். பல்கலைக்கழகத்துக்குள் புகார் கொடுக்க ஹெப் ஒரு வழி, நேர்மைப் பிரிவு இன்னொரு வழி. ஆலோசகரிடம் முதலில் பேசிவிட்டு எது சரி என்று முடிவு செய்யலாம். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நம் பெண்பிள்ளைகள் பலர் வாயைத் திறப்பதில்லை. புகார் கொடுக்க அப்பாவின் கையெழுத்து தேவையில்லை.

மறுபக்கம், உங்களுக்கே ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தால்: அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் ஆக்கு எனப்படும் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன, விசாரணைக்கு முறை உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், அங்கேயே அவசரமாக எதிலும் கையெழுத்திடாதீர்கள், மாணவர் பிரதிநிதி மன்றத்தில் யாரையாவது கூட்டிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு இருக்கும்.

உடற்குறையோ கற்றல் சிரமமோ உள்ளவர்கள்

சமூக நல இலாகாவின் ஓ.கே.யூ. அட்டை இருந்தால் பதிவு நாளிலேயே சொல்லிவிடுங்கள். கீழ்த்தள அறை, தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியவை. தேர்வு வாரத்தில் கேட்டால் மனசு இருந்தாலும் அவர்களால் செய்ய முடியாது. அட்டை வைத்திருப்பவர்களுக்கு உயர்கல்வி அமைச்சின் தனி நிதியுதவியும் இருக்கிறது; ஹெப்பில் பி.கே.ஓ.கே.யூ. என்று கேளுங்கள்.

நூலகம், தொழில்பயிற்சி

யூ.எஸ்.எம். நூலகத்துக்கு முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட்டின் பெயர். குளிர் அதிகம், சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். நூலகரிடம் ஆய்வுக் கட்டுரை எப்படித் தேடுவது என்று அரை மணி நேரம் கேட்டால் இறுதியாண்டில் ஒரு மாதம் மிச்சம்.

தொழில்பயிற்சிக்குப் பினாங்கில் படிப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை பஸ் தூரத்தில் இருக்கிறது. 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து வளர்ந்தது. ஆனால் நல்ல நிறுவனங்கள் பல மாதம் முன்பே இடத்தை நிரப்பிவிடும். புசாட் பெங்காஜியானின் அறிமுகக் கடிதத்தைச் சீக்கிரம் வாங்குங்கள், தற்குறிப்பைத் தொழில் வழிகாட்டிப் பிரிவில் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். காப்புறுதி பயிற்சிக் காலத்துக்கும் செல்லுமா என்று கேட்க மறக்க வேண்டாம்.

தனியாரில் சேருகிறவர்களுக்கு

தஞ்சோங் பூங்காவில் உள்ள டார் யூ.எம்.டி. பல்கலைக்கழகக் கிளை போன்ற இடங்களிலோ வேறு தனியார் கல்லூரிகளிலோ ஹெப்புக்குப் பதில் மாணவர் சேவைப் பிரிவு என்று இருக்கும். பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று: நீங்கள் எடுக்கும் படிப்பு எம்.க்யூ.ஏ. என்ற தகுதி அங்கீகார அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கல்லூரி இருந்தால் போதாது, அந்தப் படிப்பே இருக்க வேண்டும். இரண்டாவது, பணம் திரும்பத் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கண்காட்சியில் முகவர் தேன் ஒழுகப் பேசுவார். கையெழுத்துப் போடும் தாளில் அந்தத் தேன் இருக்காது.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் கூடுதலாக ஒரு கதவைத் தெரிந்து வைக்க வேண்டும்: அனைத்துலக மாணவர் அலுவலகம். மாணவர் அனுமதி, இ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்பு வழியாக அதன் புதுப்பிப்பு எல்லாம் அங்கேதான். அனுமதி முடியும் தேதிக்குப் பல மாதம் முன்பே கடப்பிதழோடு போய் நில்லுங்கள். வருகையும் மதிப்பெண்ணும் குறைந்தால் புதுப்பிப்பில் இடிக்கும்.

பதிலே வராவிட்டால்

மின்னஞ்சல் அனுப்பி ஒரு வாரம் ஆகிவிட்டதா? அதே மின்னஞ்சலின் மேலேயே இன்னொன்று. அதற்கும் மௌனம் என்றால் அந்தப் பிரிவின் தலைவருக்கு நகல் போட்டு மூன்றாவது. அதற்கும் மேல் சிஸ்பா என்ற அரசாங்கப் புகார் முறை இருக்கிறது. இங்கேதான் நீங்கள் முதல் நாளிலிருந்து சேர்த்த அந்த நான்கு வரி மின்னஞ்சல்கள் கைகொடுக்கும். முகநூலில் பதிவு போட்டுத் திட்டுவது கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு லைக் வரும், கோப்பு நகராது.

கடைசிப் பருவத்தில்

தேர்வு முடிந்த களிப்பில் எல்லோரும் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். போங்கள், ஆனால் அதற்கு முன் நூலகப் புத்தகத்தைத் திருப்புங்கள், தேசாசிஸ்வா சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், பெண்டஹாரியில் பாக்கி சுழியம் என்று பாருங்கள். பட்டமளிப்பு நேரத்தில் 3 ரிங்கிட் நூலக அபராதத்துக்காக அலைய வேண்டாம். பி.டி.பி.டி.என். கணக்கில் புதிய கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலில் உறுதிப்படுத்திய நகல்கள் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஈப்போவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ இதற்காகவே பஸ் ஏறி வர வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடுவதற்கு முன் அதில் கிடக்கும் அந்த நான்கு வரிக் கடிதங்களைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பி வையுங்கள். அப்புறம் பத்து ஃபெரிங்கிக்குக் கிளம்புங்கள்.